வெண்டை இலையின் அடிப்பக்கம்: மாடித்தோட்டத்தில் தத்துப்பூச்சியோடு இரண்டு மாதம்

தை மாதத் தொடக்கத்தில் மாடியில் 12 பைகளில் வெண்டை விதைத்தேன். பக்கத்தில் ஆடியில் நட்ட கத்தரி 7 செடி. ஒரு காய்ப்பு முடிந்து, கிளையை வெட்டிவிட்ட பிறகு மறுபடி துளிர்த்து நின்றது. ஊர் திருச்சி. மாசி பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கே தளத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அந்தச் சூட்டையும் தாங்கி வெண்டை நன்றாகவே வந்தது. பூ எடுக்கப் போகிற நேரத்தில்தான் வினை ஆரம்பித்தது.

பிப்ரவரி மூன்றாம் வாரம் இலைகளின் ஓரம் வெளிறியது. அப்புறம் மஞ்சள். மஞ்சளுக்குப் பின்னால் ஓரம் சுருண்டு, செங்கல் நிறமாகி, தீயில் காட்டிய காகிதம் போல மொறமொறவென்று காய்ந்தது. நடு இலை மட்டும் பச்சையாக இருந்தது. ஓரம் காய்ந்தால் சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறை என்று எங்கோ கேட்ட ஞாபகம். அடுப்புச் சாம்பலைத் தூவினேன். வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றினேன். வெயிலாக இருக்குமோ என்று தண்ணீரை இரண்டு வேளையாக்கினேன். வாரா வாரம் ஊற்றிக்கொண்டிருந்த கடலைப் புண்ணாக்குக் கரைசலையும், செடி பாவம் மெலிந்திருக்கிறதே என்று, வாரம் இருமுறை ஆக்கினேன். இந்தக் கடைசி வேலைதான் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது என்று அப்போது தெரியாது.

பத்து நாள் போனது. ஓரக் கருகல் மேல் இலைக்கு ஏறியது. பெரம்பலூர் பக்கம் பருத்தி போடும் சித்தப்பாவுக்குப் படம் அனுப்பினேன். படத்தைப் பார்த்த கையோடு கூப்பிட்டார்.

"இலையைத் திருப்பிப் பாத்தியாப்பா?"

"மேல ஒண்ணும் இல்ல சித்தப்பா."

"மேல என்ன இருக்கப் போகுது? அடியில பாரு. காலையில போ, வெயில் ஏறிட்டா பறந்துரும்."

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போய் ஒரு இலையை மெல்லத் திருப்பினேன். வெளிர்பச்சையாக, எள்ளைவிடச் சிறியதாக ஏழெட்டு உருப்படிகள். விரலைக் கொண்டுபோனதும் நேராக ஓடவில்லை. நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடி நரம்புக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகொண்டன. குஞ்சுகளின் இந்தக் குறுக்கு ஓட்டம் ஒன்றே போதும், தத்துப்பூச்சி என்று சொல்லிவிடலாம். அசுவினி இப்படி ஓடாது, இருந்த இடத்திலேயே கும்பலாகக் கிடக்கும். வெள்ளை ஈயின் குஞ்சு செதில் போல ஒட்டிக்கொண்டிருக்கும். இலைப்பேன் ஒல்லிக்குச்சி. தத்துப்பூச்சி மட்டும்தான் ஆப்பு வடிவத்தில் தலை அகன்று வால் குறுகி, கூப்பிட்டால் வராத பிள்ளை மாதிரி சாய்ந்து ஓடும்.

சாற்றைக் குடிப்பதோடு அது நிற்பதில்லை. குத்தும்போது விடுகிற எச்சிலும் இலையைக் கெடுக்கிறது. ஓரம் கருகுவது அதனால்தான். தண்ணீர் ஊற்றியும் சாம்பல் போட்டும் ஏன் தேறவில்லை என்பதற்கு விடை கிடைத்தது. புண்ணாக்கு விஷயமும் விளங்கியது. அதில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடக் கூட இலை மெத்தென்று சாறு நிறைந்து வளரும். சாறுறிஞ்சிகளுக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. பத்து நாளாக நான் செடிக்கு மருந்து கொடுக்கவில்லை, பூச்சிக்குப் பந்தி போட்டிருக்கிறேன்.

சரி, பூச்சி எது என்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கையால் பிடிக்க முடியவில்லை, தொடுவதற்குள் தத்திவிடுகிறது. பூச்சி ஆராய்பவர்கள் வாயால் உறிஞ்சிப் பிடிக்கும் குப்பி ஒன்று வைத்திருப்பார்கள். அதையே செய்துவிடலாம் என்று இறங்கினேன். வாய் அகன்ற சின்ன ஊறுகாய் பாட்டில், மீன் தொட்டிக்குக் காற்று போகும் பிளாஸ்டிக் குழாய் ஒரு மீட்டர், எம்-சீல், பழைய மல் வேட்டித் துண்டு. பாட்டில் கண்ணாடியாக இருப்பது நல்லது, உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும். மூடியில் ஆணியைச் சூடுபடுத்தி இரண்டு ஓட்டை. ஒன்றில் 15 செ.மீ. குழாய், இது பூச்சி வரும் வழி. இன்னொன்றில் 50 செ.மீ. குழாய், இது வாய்க்கு. வாய்க்குப் போகும் குழாயின் உள்முனையில், அதாவது பாட்டிலுக்குள் இருக்கும் முனையில், மல் துணியை இரண்டாக மடித்துக் கட்ட வேண்டும். ஓட்டையைச் சுற்றி எம்-சீல்.

துணியை நான் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். மூன்றாவது உறிஞ்சலில் அது நழுவிவிட்டது. முதலில் பிடிபட்ட பூச்சி என் தொண்டையில்தான் பிடிபட்டது. ருசி ஒன்றும் சொல்லிக்கொள்கிறபடி இல்லை. அப்புறம் தையல் நூலால் பத்துச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். செய்கிறவர்கள் இந்த முடிச்சில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

பிடித்ததைப் பாட்டிலோடு பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்தால் அசையாமல் கிடக்கும். கைபேசியில் மாட்டும் கண்ணாடி வில்லையை வைத்துப் பார்த்தேன். 3 மி.மீ. நீளம் இருக்கும். வெளிர்பச்சை. மடித்த இறக்கையின் பின்பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கரும்புள்ளி. தலையிலும் இரண்டு. அறிவியல் பெயர் அம்ராஸ்கா பைகுட்டுலா. பின்பாதிப் பெயருக்கே இரட்டைப் புள்ளி என்றுதான் பொருள். பருத்தி, வெண்டை, கத்தரி, சூரியகாந்தி என்று எதையும் விட்டுவைக்காத நம் ஊர்ப் பூச்சி. நம் ஊர் என்று எத்தனை நாளைக்குச் சொல்வதோ: 2023-ல் போர்ட்டோ ரிக்கோவிலும் 2024-ல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே உள்ள பருத்திக்காரர்களுக்கு இப்போது அது புதுத் தலைவலி.

இனி எண்ணிப் பார்த்துத்தான் எதுவும் செய்வது என்று முடிவெடுத்தேன். 5 செடி; செடிக்கு மேல், நடு, கீழ் என்று 3 இலை; மொத்தம் 15 இலை. காலை ஆறரை மணி, வெயில் படுவதற்கு முன். இலைக் காம்பைத் தொடாமல் நுனியைப் பிடித்து மெல்லத் திருப்ப வேண்டும். முதல் நாள் படக்கென்று திருப்பி, பாதிப் பூச்சியைப் பறக்கவிட்டேன். வெண்டைக்கு இலைக்கு 2 பூச்சி வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது வேளாண்மைத் துறை சொல்லும் கணக்கு. எனக்கு 15 இலைக்கு 30 வரை பரவாயில்லை. மார்ச் 4-ஆம் தேதி எண்ணியபோது 97.

முதலில் வெறும் தண்ணீர். குழாய் முனையில் விரலை வைத்து அழுத்தி, இலையின் அடிப்பக்கம் படும்படி மூன்று நாள் காலையில் பீய்ச்சினேன். 97 என்பது 81 ஆனது. அசுவினியாக இருந்தால் பாதிக்கு மேல் போயிருக்கும். இது தண்ணீர் படும் முன்பே தத்திப் பக்கத்துச் செடிக்குப் போய், நான் கீழே இறங்கியதும் திரும்பி வந்துவிடுகிறது. தண்ணீர் பட்ட பூச்சியும் நனைவதில்லை. தத்துப்பூச்சி தன் உடலில் சுரக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளைக் காலால் தேய்த்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும். நாம் பவுடர் போட்டுக்கொள்வது போலத்தான். தண்ணீரும் ஒட்டாது, அதன் சொந்தக் கழிவும் ஒட்டாது. பின்னால் வேப்பங்கொட்டைக் கரைசலில் சோப்பு சேர்ப்பதை நான் தட்டிக்கழிக்காததற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது மஞ்சள் அட்டை. கடையில் விற்கிறார்கள், நான் மஞ்சள் பிளாஸ்டிக் கோப்பு அட்டையை நான்காக வெட்டி விளக்கெண்ணெய் தடவினேன். செடி உயரத்துக்கு ஒரு சாண் மேலே கட்டினேன். இரண்டு நாளில் கறுப்பும் பச்சையுமாக நிறைய ஒட்டியிருந்தது. சந்தோஷமாக எண்ண உட்கார்ந்தால், தத்துப்பூச்சி 14, வெள்ளை ஈ 20-க்கு மேல், பொறிவண்டு 3, பெயர் தெரியாத சின்னஞ்சிறு குளவிகள் 6. அந்தக் குளவிகளைப் பார்த்ததும் மனது சுருக்கென்றது. தத்துப்பூச்சி தன் முட்டையை இலை நரம்புக்குள் செருகி வைக்கும். அந்த முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அழிக்கிற குளவிகள் உண்டு. அவை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. என் அட்டையில் ஒட்டியவை அவைதானா என்று சொல்லும் அளவுக்கு என் வில்லைக்குச் சக்தி இல்லை. ஆனாலும் அட்டைகளை ஒன்றாகக் குறைத்துவிட்டேன். மஞ்சள் அட்டை அளவுகோலாக இருக்கட்டும், ஆயுதமாக வேண்டாம் என்பது என் கருத்து. பறக்கத் தெரியாத குஞ்சுகள் அதில் விழவே விழாது. இலையைக் கருக்குவதில் பாதி வேலை அவற்றுடையது.

வேப்பங்கொட்டைக்கு வருகிறேன். 5 சதவீதக் கரைசல் என்றால் லிட்டருக்கு 50 கிராம் பருப்பு. எனக்கு 4 லிட்டர் போதும், 200 கிராம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். உடைத்துப் பார்த்தால் உள்ளே கறுத்து, பூஞ்சண வாடை. அப்போதே தூக்கிப் போட்டிருக்க வேண்டும். காசு கொடுத்தோமே என்று இடித்து, துணியில் முடிந்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி மார்ச் 9 மாலை அடித்தேன். 12-ஆம் தேதி எண்ணிக்கை 88. ஏறியிருக்கிறது.

சித்தப்பா சிரித்தார். "போன வருசத்துக்கு முந்தின வருசக் கொட்டையா இருக்கும்பா." அவர் வீட்டில் ஆடியில் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் காயவைத்து, கோணியில் கட்டித் தொங்கவிட்ட கொட்டை இருந்தது. எட்டு மாதத்துக்கு மேல் வைத்தால் வீரியம் குறையும். இது சரியாக அந்த எல்லையில் நின்றது. பேருந்தில் ஒரு கிலோ வந்து சேர்ந்தது. உடைத்தால் பருப்பு வெளிர்பச்சையாக, தொட்டால் எண்ணெய் பிசுபிசுப்பாக, நாக்கில் வைத்தால் உச்சந்தலை வரை கசப்பு. இடித்து ஊறவைத்த கரைசல் மறுநாள் காய்ச்சிய பால் போல இருந்தது. இரண்டு முறை வடிகட்டினேன், இல்லாவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் காதி சோப்பைச் சீவிக் கரைத்துச் சேர்த்தேன். காயைப் பறித்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய அடித்தேன். வெயிலில் அடித்தால் மருந்துச் சத்து சீக்கிரம் சிதைந்துவிடும்.

மார்ச் 16 அடித்தது. 17-ஆம் தேதி பார்த்தால் பூச்சி அப்படியே இருக்கிறது. வேப்பங்கொட்டை தொட்டதும் சுருண்டு விழவைக்கும் மருந்து இல்லை. சாப்பிடுகிற ஆசையைக் கெடுக்கும்; குஞ்சு தோல் உரிப்பதைத் தடுக்கும். ஐந்து முறை தோல் உரித்தால்தான் அது இறக்கை முளைத்துப் பெரிதாகும். நடுவில் சிக்கினால் அதோடு சரி. 20-ஆம் தேதி 52. நரம்புக்குள் இருக்கும் முட்டைக்கு எந்தத் தெளிப்பும் எட்டாது, நாலைந்து நாள் முதல் பத்துப் பதினொரு நாளுக்குள் அவை பொரித்துக்கொண்டே வரும். ஆகவே 24-ஆம் தேதி இரண்டாம் முறை அடித்தேன். 28-ஆம் தேதி 26. எல்லைக்குள் வந்துவிட்டது.

இதற்குள் கத்தரியில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. உண்மையில் எனக்குப் பெரிய நஷ்டம் அதில்தான்.

கவாத்துக்குப் பிறகு ஒரு செடி மட்டும் வித்தியாசமாகத் தழைத்தது. கணுக்கள் நெருக்கமாக, காம்பே இல்லாதது போல, சுண்டுவிரல் நகம் அளவில் கொத்துக் கொத்தாக இலை. அம்மாவுக்கு ஒரே பெருமை. "பாரு, புதர் மாதிரி எப்படித் தழையுது." நானும் வெட்டிவிட்டதற்குப் பலன் என்று நினைத்தேன். பூ வந்தது, பச்சையாக. இதழ் இருக்க வேண்டிய இடத்தில் இலை. காய் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. மறுபடி வெட்டிவிட்டேன், மறுபடி அதே குட்டி இலை. இரண்டாவது செடியிலும் ஆரம்பித்தபோதுதான் பயம் வந்தது.

சிற்றிலை நோய். கோயம்புத்தூரில் 1930-களின் கடைசியிலேயே இதைக் கவனித்து, ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் நோய் என்று எழுதியிருக்கிறார்கள். வெகுகாலம் வைரஸ் என்றே நம்பினார்கள். 1967-ல் ஜப்பானில் மல்பெரிச் செடியின் குட்டை நோயை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான், இந்த வகை நோய்களுக்குச் செல்சுவர் இல்லாத ஒரு பாக்டீரியா காரணம் என்று தெரியவந்தது. இன்றைக்கு அதன் பெயர் பைட்டோபிளாஸ்மா. செடியின் சாறோடும் குழாயில் குடியிருக்கும். ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குத் தானாகப் போகத் தெரியாது. சுமந்து போவது தத்துப்பூச்சி.

ஆனால் வெண்டையில் இருந்த அதே பூச்சியா? குப்பியை எடுத்துக்கொண்டு கத்தரிக்குப் போனேன். பச்சைகளுக்கு நடுவே இரண்டு பழுப்புப் பூச்சி சிக்கின. வில்லையில் பார்த்தால் இறக்கையை மடக்கி உட்காரும்போது ஒவ்வொரு இறக்கையிலும் உள்ள அரைவட்டம் சேர்ந்து முதுகில் ஒரு பழுப்பு வட்டமாகிறது. ஹிஷிமோனஸ் என்கிற வேறொரு தத்துப்பூச்சி. கத்தரிச் சிற்றிலையைப் பரப்புவது இதுதான். வெண்டையில் 97 இருந்தும் செடி சாகவில்லை. இங்கே கண்ணில் பட்டது இரண்டே இரண்டு, போனது இரண்டு செடி. எண்ணிக்கை எல்லை, 15 இலைக் கணக்கு எல்லாம் சாறு குடிக்கிறவனுக்குத்தான் செல்லும். நோய் சுமக்கிறவனுக்கு அந்தக் கணக்கு உதவாது.

நோயுற்ற செடிக்கு வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் எதுவும் இல்லை. பிடுங்க வேண்டியதுதான். அதிலும் ஒரு முறை இருக்கிறது. பச்சையாக அப்படியே பிடுங்கி உலுக்கினால் அதில் இருக்கும் பூச்சி எல்லாம் பக்கத்துச் செடிக்குப் போய் உட்காரும். அதனால் முதலில் சோப்புத் தண்ணீரால் செடியை நன்றாக நனைத்து, பெரிய கோணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் வெட்டி, பையோடு கட்டி வெயிலில் போட்டேன். மண்ணைக் கொட்டவில்லை. இந்த நோய் மண் வழியாகவோ விதை வழியாகவோ வருவதில்லை, அதே பையில் கொத்தவரை போட்டிருக்கிறேன்.

எங்கிருந்து வந்தது? இதற்கு விடை கைப்பிடிச் சுவர் ஓரத்திலேயே இருந்தது. அம்மாவின் நித்தியகல்யாணித் தொட்டி. பூஜைக்குத் தினமும் பறிப்பது. கொஞ்ச நாளாகப் பூ சிறுத்துவிட்டது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் காதில் ஏறியது. போய்ப் பார்த்தால் ஒரு பக்கக் கிளை முழுக்கக் குட்டி இலை, ரோஜா நிறப் பூக்களுக்கு நடுவே நாலைந்து பச்சைப் பூ. நித்தியகல்யாணியில் பைட்டோபிளாஸ்மா சுலபமாகத் தங்கும். ஆராய்ச்சிக்கூடங்களில் இந்தக் கிருமியை உயிரோடு வைத்துக்கொள்வதற்கே இந்தச் செடியைத்தான் வளர்க்கிறார்கள். கத்தரிக்கு வந்தது இதிலிருந்தா, இதற்கு வந்தது கத்தரியிலிருந்தா என்று சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டும் நாலடி தூரம்.

அம்மா சம்மதிக்க மூன்று நாள் ஆனது. "சாமிக்கு வெச்ச செடியை வெட்டுவாங்களா?" என்றாள். பச்சைப் பூவைப் பறித்து வில்லையில் காட்டினேன். இதழ்களில் இலை நரம்பு ஓடுவதை ரொம்ப நேரம் பார்த்தாள். "சரி, நான் கோயிலுக்குப் போயிருக்கும்போது எடுத்துரு" என்றாள்.

தத்துப்பூச்சி என்றாலே வில்லன் என்று எழுதிவிட்டேன் போலிருக்கிறது. தைவானில் இதன் இனத்துப் பூச்சி ஒன்று கடித்த தேயிலைக்குத்தான் விலை அதிகம். கடி வாங்கிய கொழுந்து தற்காப்புக்காக உண்டாக்கும் வேதிப்பொருள்களால் தேன் மணம் வருமாம். ஓரியண்டல் பியூட்டி என்ற தேநீருக்கு அந்தப் பூச்சிதான் மூலதனம், அங்கே மருந்து அடித்தால் பிழைப்பு போய்விடும். என் வெண்டைக்காயில் அப்படி எந்த மணமும் வரவில்லை. குழம்பில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சித்தப்பாவிடம் இன்னொன்றும் கேட்டேன்: உங்கள் பருத்தி பிடி (Bt) விதை, புழுவை எதிர்க்கும்படி மரபணு மாற்றியதுதானே, அதற்குமா பூச்சி? அது காய்ப்புழுவுக்குத்தான், சாறு குடிக்கிறதுக்கு அது என்ன செய்யும் என்றார். தன் அப்பா காலத்தில் இலை சொரசொரப்பாக, மயிர் உள்ள பருத்தி போடுவார்களாம், அதில் தத்துப்பூச்சி அவ்வளவாக நிற்காதாம். முட்டை செருகவும் வாயைக் குத்தவும் மயிர் இடைஞ்சல். வந்து என் வெண்டையைப் பார்த்தேன். 12-ல் 2 செடி, சந்தையில் ஒரு பாட்டியிடம் வாங்கிய நாட்டு விதை. தடவினால் கை அரிக்கும். அவற்றை என் 15 இலைக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. தனியாக 6 இலை எண்ணினேன், 4 பூச்சி. அன்றைக்கு மற்றச் செடிகளில் இலைக்குக் கிட்டத்தட்ட 2. இரண்டே செடியை வைத்து ஊருக்கு உபதேசம் செய்ய முடியாதுதான். ஆனாலும் அந்த இரண்டிலும் முதலில் முற்றிய காயை விதைக்கு விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 3 மாலை ஒரு கோடை மழை, முக்கால் மணி நேரம் கொட்டியது. 5-ஆம் தேதி எண்ணிக்கை 11. இதில் வேம்புக்கு எவ்வளவு பங்கு, மழைக்கு எவ்வளவு, புண்ணாக்கை நிறுத்தியதற்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்கு வழியில்லை. மழை என் கையில் இல்லை; மற்ற இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தது என் தப்பு. மூன்றாம் தெளிப்புக்கு ஊறவைத்திருந்த பருப்பை அப்படியே எலுமிச்சைத் தொட்டி மண்ணில் கொட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு எதுவும் அடிக்கவில்லை. ஏப்ரல் 15-ல் 19. ஏறுகிறது, ஆனால் மெதுவாக. அடி இலையில் மயிரிழைக் காம்பின் நுனியில் வெள்ளை முட்டை நாலைந்து நின்றுகொண்டிருந்தது. கண்ணாடி இறக்கைப் பூச்சி இட்டது. அதன் புழு ஒன்று தத்துப்பூச்சிக் குஞ்சைக் கொடுக்குப் போன்ற தாடையால் பிடித்து உறிஞ்சுவதைக் குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்ததில் அன்றைக்கு அலுவலகத்துக்குத் தாமதம். காம்புக் கணுக்களில் தாவும் சிலந்திகளும் வந்துவிட்டன. மஞ்சள் அட்டையைக் கழற்றிவிட்டேன். உறிஞ்சு குப்பியை அக்கா மகன் பள்ளிக்கு எடுத்துப் போயிருக்கிறான். துணி முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தனுப்பினேன்.